பேர் சொல்ல மாட்டேன்

அவர் எழுதிய கவிதைகள் எல்லாமே மூன்று வரிதான். தப்பித் தவறி நான்காவது வரி வந்துவிட்டால் அதை வெட்டி எடுத்து இன்னொரு கவிதைக்கு வைத்துக்கொள்வார். ஆனால் அந்த மூன்று வரியை வாசிப்பதற்கு முன்னால் ஒரு பேச்சு பேசுவார். அது இருபது நிமிடத்துக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை.

ராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் போகிற சாலையில் மருந்துக்கடை வைத்திருந்தார். எங்கள் கவிதை வட்டத்தில் எல்லாருக்கும் அவர் மெடிக்கல் அக்கா. சொந்தப் பெயர் ஒன்று உண்டு, நல்ல பெயர்தான், கடைப் பலகையில்கூட இருந்தது. இப்போது கடையைக் கொடுத்துவிட்டு மகளோடு ஓசூரில் இருக்கிறார். அந்தப் பெயரை இங்கே எழுதி, யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டால் கோபித்துக்கொள்வார். பெயர் சொல்வது அவரைப் பொறுத்தவரை பெரிய குற்றம்.

கடையில் அவரைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சுச் சங்கதி நம்பவே முடியாது. கொண்டையில் ஒரு பேனா செருகியிருப்பார். கேட்ட மாத்திரையை எடுத்துப் பழுப்புக் கவரில் போட்டு, வாயை மடித்து, ஸ்டேப்ளர் அடித்துத் தருவார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அந்த ஸ்டேப்ளர் சத்தத்தை நம்பித்தான் ஊரே அவரிடம் மருந்து வாங்கியது. மருந்துப் பெட்டி அட்டையைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் அவர் கவிதை எழுதிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

அந்த அட்டைகளோடுதான் கூட்டத்துக்கு வருவார். ஒருமுறை எங்கள் வட்டத்தின் தலைவர் அவர் கையிலிருந்த அட்டையை வாங்கி, மூன்று வரியையும் வாசித்துவிட்டு, அட்டையைத் திருப்பி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்கவும் என்று அச்சிட்டிருந்ததையும் சேர்த்து வாசித்தார். அந்தக் கடைசி வரியில்தான் கவிதையே இருக்கிறது என்று பாராட்டினார். அக்கா மறுக்கவில்லை. பெரியவர்கள் சொல்லும்போது குறுக்கே பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

கூட்டம் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கேணிக்கரைப் பக்கம் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் நடக்கும். நான் டி.டி.பி. கடை வைத்திருந்தேன். வட்டத்துக் கவிஞர்களின் புத்தகங்களை எல்லாம் நான்தான் பக்கம் அமைத்துக் கொடுப்பேன். அந்த உரிமையில் செயலாளரும் நான்தான், மைக் பிடித்து ஒவ்வொருவரையும் அழைக்கிற ஆளும் நான்தான். ஆரம்பத்தில் பதினொரு பேர் வருவோம். பதினொரு பேரும் கவிஞர்கள். ஒருவர் வாசிக்கும்போது மற்ற பத்துப் பேரும் தங்கள் கவிதையைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

அக்கா முதல் தடவை மைக் முன்னால் நின்றபோது எழுதி வைத்திருந்த கவிதை இது:

வாளியில் நிலா.
குளிக்கப் போனவன்
திரும்பி வந்துவிட்டான்.

நேராக இதை வாசித்திருந்தால் நாங்கள் கைதட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்போம். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இதைத் தெரியாமல் கவிதை கேட்டால் ஒன்றும் விளங்காது என்றார். பிறகு ஆரம்பித்தார்.

"பேரு சொல்ல மாட்டேன். உச்சிப்புளிதான். ஸ்டேசனுக்கு எதுத்தாப்ல பச்சக் கேட்டு போட்ட வீடு. மூத்த மகன் துபாய்ல இருக்கான், எளையவன் பாலிடெக்னிக் படிக்கிறான். அந்த வீட்டு ஆளுக்குத் தொடையில படை."

அந்த மனிதர் படைக்குக் களிம்பு வாங்க வந்த கதை, முதலில் தன் நண்பருக்கு என்று சொன்னது, பிறகு மாட்டுக்கு என்று சொன்னது, தண்ணீர் பட்டால் எரியும் என்று எட்டு நாள் குளிக்காமல் இருந்தது, சம்சாரம் தலையணையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனது, எல்லாம் வந்தது. கடைசியில் மூன்று வரியையும் வாசித்தார். இரண்டாவது வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். பச்சைக் கேட்டுக்காரரின் மைத்துனர் அவர்.

இதில் அக்காவுக்குத் துளிக்கூட வன்மம் கிடையாது. பெயரைச் சொல்லாதவரை ரகசியம் பத்திரமாக இருக்கிறது என்று உண்மையாகவே நம்பினார். யாராவது உட்கார்ந்த இடத்திலிருந்து, நம்ம இன்னாரா என்று ஊகித்துக் கேட்டுவிட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். "நான் சொல்லல. நீங்கதான் சொல்லிட்டீக. பாவம், அவுக காதுல விழுந்தா என்ன நெனப்பாக," என்று வருத்தப்படுவார். அதற்குப் பிறகு அந்த ஆளை மூன்று கூட்டத்துக்கு நிமிர்ந்தே பார்க்க மாட்டார்.

சொந்த ஊரில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று கடலாடியிலிருந்து பஸ் ஏறி இவர் கடைக்கு வந்து பேன் மருந்து வாங்கின ஒரு பெரிய மனிதரைப் பற்றியும் கவிதை இருந்தது. இவ்வளவு தூரம் ஒரு ஆள் வந்து போகிறார் என்றால் அதில் எவ்வளவு தனிமை இருக்கிறது என்று அக்கா உருகிச் சொன்னார். பஸ்ஸின் நேரத்தையும் சொன்னார்.

நான்கே மாதத்தில் மாடி நிறைந்துவிட்டது. நாற்காலி போதாமல் டியூஷன் பிள்ளைகளின் பெஞ்சுகளை இழுத்துப் போட்டோம். வந்தவர்கள் கவிதை கேட்க வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். தங்கள் கதை வருகிறதா என்று பார்க்க வந்தார்கள், அடுத்தவர் கதை வந்தால் கேட்டுக்கொள்ள வந்தார்கள். அக்கா வாசித்து முடித்ததும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் என் கவிதை இருக்கும்.

தலைவரின் முறை வந்தது ஆறாவது மாதம். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நரையைப் பற்றி மட்டுமே ஒரு தொகுப்பு போட்டிருந்தார். நரை என்பது காலம் கட்டிய வெள்ளிக்கொடி என்றெல்லாம் அதில் வரும். அக்கா அன்றைக்கு ஒரு காக்கைக் கவிதையோடு வந்திருந்தார்.

உச்சி வெயில்.
காக்கை மட்டும்
கறுப்பாகவே இருக்கிறது.

"பேரு சொல்ல மாட்டேன்," என்று ஆரம்பித்தபோது தலைவர் புன்னகையோடுதான் உட்கார்ந்திருந்தார். மாதம் இரண்டு தடவை தலைக்கு டை வாங்குகிறவர் என்றார் அக்கா. சம்சாரத்துக்கு என்று சொல்லி வாங்குவார், ஆனால் மீசைக்குப் போடுகிற சின்ன பிரஷ் கூட வேண்டும் என்பார் என்றார். நம்ம வட்டத்தில்தான் இருக்கிறார், நரையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும் என்றார். மாடியில் இருந்த அத்தனை பேரும் தலைவரைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும் என்று சுவரில் மாட்டியிருந்த பிதாகரஸ் தேற்றத்தைப் பார்த்துக்கொண்டு கவிதையை வாசித்தார்.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய முதல் தொகுப்பு என் கடைக்கு வந்தது. ஐம்பத்திரண்டு கவிதைகள். ஒரு ரப்பர் பேண்டில் கட்டிய ஐம்பத்திரண்டு அட்டைகள். தலைப்பு, நன்றாகக் குலுக்கவும். பக்கத்துக்கு ஒரு கவிதையாக வைத்தால் மெல்லிசான அழகான புத்தகம். ஆனால் ஒவ்வொரு கவிதைக்கும் கீழே சின்னதாக ஒரு குறிப்பு வேண்டும் என்றார். குறிப்புகளைத் தவணை தவணையாக எழுதித் தந்தார். முப்பத்தொரு கவிதைக்குக் குறிப்பு வந்து முடிந்தபோதே புத்தகம் இருநூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது. அணிந்துரை எழுதுவதற்காக அந்தப் பக்கங்களைத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் தன்னைத் தேடிப் பிடித்தார். இரண்டு இடத்தில் இருந்தார்.

அடுத்த வாரமே நிர்வாகக் குழு கூடி ஒரு தீர்மானம் போட்டது. இனி கவிஞர்கள் கவிதையை மட்டுமே வாசிக்க வேண்டும், முன்னுரை, விளக்கம், குறிப்பு எதுவும் கூடாது, புத்தகத்திலும் கூடாது. தீர்மானத்தில் யார் பெயரும் இல்லை. அதை அக்காவிடம் போய்ச் சொல்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

கடைக்குப் போய் இருமல் மிட்டாய் வாங்கினேன். அவர் கவரில் போட்டுக்கொண்டிருந்தபோது, பாம்பனுக்கு அந்தப் பக்கம் அக்காள்மடத்தில் நான்கு பேரின் புதுத் தொகுப்புகளையும் ஒன்றாக வாசிக்கிற கூட்டம் வருகிறதே, அதில் கவிதை மட்டும் வாசித்தால் போதும் என்று தலைவர் அபிப்பிராயப்படுகிறார் என்றேன்.

"மட்டும்னா?"

"முன்னாடி ஒண்ணும் சொல்லாமக்கா."

ஸ்டேப்ளர் அவர் கையிலேயே நின்றது. "அப்பக் கேக்குறவுகளுக்கு எப்படித் தம்பி வெளங்கும்?"

"வெளங்காட்டிப் பரவாயில்லக்கா. கவிதைதானே."

டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு தூக்க மாத்திரைகூட இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை, ரூல் என்றால் என்ன என்று தனக்குத் தெரியும் என்றார். கவரை மடித்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தார். இருமல் மிட்டாய்க்கு அவ்வளவு ஓங்கி யாரும் ஸ்டேப்ளர் அடிக்க மாட்டார்கள். நான் தெருமுனை வரை போய்த்தான் திரும்பிப் பார்த்தேன். கடையில் ஆள் யாரும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அக்காள்மடத்துக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் அங்கே வரவேற்பு நடந்திருந்ததால் மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டும் அப்படியே கிடந்தன. மாப்பிள்ளை நாற்காலியில் தலைவர் உட்கார்ந்தார். இன்னொன்றில் உட்கார யாரும் முன்வராததால் அதில் புத்தகக் கட்டுகளை வைத்தோம். கடல்காற்றில் பிளாஸ்டிக் பூ வளைவு ஆடிக்கொண்டே இருந்தது. ராமநாதபுரத்திலிருந்து அக்காவைக் கேட்பதற்காக இரண்டு வேனில் ஆள் வந்திருந்தார்கள். கையில் புளிச்சோற்றுப் பொட்டலம் வேறு.

முதலில் வாசித்தவர் ஒரு கல்லூரி விரிவுரையாளர். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொல்வார். இரண்டாவதாகத் தலைவர். நரையின் இரண்டாம் பாகம். நான்காவது கவிஞருக்கு வேறு வேலை வந்துவிட்டது, அவர் புத்தகம் மட்டும் வந்திருந்தது. மூன்றாவதாக அக்காவின் பெயரைச் சொல்லி அழைத்தேன். மண்டபத்தில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் போன் ரெக்கார்டரைப் போட்டு முன்னால் நீட்டினார்.

அக்கா புத்தகத்தைத் திறந்து முதல் கவிதையை வாசித்தார். பக்கத்தைத் திருப்பினார். தலையைத் தூக்கினார், வாயைத் திறந்தார், மூடினார், இரண்டாவது கவிதையை வாசித்தார். ஐம்பத்திரண்டு கவிதைக்கும் அப்படித்தான். தலையைத் தூக்குவார், வாயைத் திறப்பார், மூடுவார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முழுப் புத்தகமும் தீர்ந்துவிட்டது. வணக்கம் சொல்லிவிட்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, "இம்புட்டுத்தானா?" என்றார். வேனில் வந்த ஒருவர் இதற்காகவா விடிகாலையில் குளித்தோம் என்று பக்கத்து ஆளிடம் கேட்டார்.

அப்போது நடுவரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை.

"அந்த வாளிக் கவிதை நாந்தான்," என்றார். "உச்சிப்புளி. இப்பக் கேட்டுக்கு நீலக்கலர் அடிச்சாச்சு. படையும் போயிருச்சு. எல்லாரும் தெரிஞ்சுக்கங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொருவர் எழுந்தார். பிறகு ஒரு அம்மா. தும்மலைப் பற்றிய கவிதைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். அது தன் வீட்டுத் தும்மல்தான் என்று ஒருவர் சொல்ல, உன் வீட்டில் தும்மினது போன வருடம், இது அதற்கு முன்னாலேயே எழுதினது என்று மற்றவர் சொல்ல, இருவரும் அக்காவிடம் நியாயம் கேட்டார்கள். அக்கா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். ரூல் போட்டிருக்கிறது என்று என் பக்கம் கையைக் காட்டினார். கடலாடிப் பேன் கவிதைக்கு மட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை.

கடைசி வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்று காத்திருந்தார். அவர் பெயர் காசிம். வளைகுடாவில் நெடுநாள் இருந்துவிட்டு வந்தவர், அக்கா கடைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ஒவ்வொரு மாதமும் எங்கள் கூட்டத்துக்கு வந்து பின்னால் உட்கார்ந்திருப்பார், ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் நிற்பதைப் பார்த்து மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

நாலாவது கவிதையை இன்னொரு தடவை வாசிக்க முடியுமா என்று கேட்டார். கவிதை வாசிப்பதற்கு ரூல் தடையில்லை என்பதால் அக்கா வாசித்தார்.

ஆரஞ்சு வாசனை.
எனக்கும் தெரியும்.
அவளுக்கும் தெரியும்.

"இது எங்க வீட்ல இருந்தவங்களப் பத்தினது," என்றார் காசிம். "நானே சொல்லிக்கிறேன். தங்கச்சி ரூல மீற வேணாம்."

அவர் மனைவி கடைசி மூன்று மாதம் எந்த மருந்தையும் உள்ளே விடவில்லை, கசக்கிறது என்று துப்பிவிடுவார். அக்கா தினமும் மத்தியானம் கடையை அடைத்துவிட்டு இவர்கள் வீட்டுக்கு வந்து, குழந்தைகளுக்குக் கொடுக்கிற ஆரஞ்சுக் கரைசலில் டாக்டர் எழுதின மருந்தைக் கலந்து, இது துபாயிலிருந்து வந்த சர்பத், காசிம் அண்ணன் வாங்கி வந்தது என்று சொல்லிக் குடிக்க வைப்பாராம். "அந்தப் புள்ள தெனமும் பொய் சொல்லுது, நானும் நம்புனாப்ல குடிக்கிறேன்னு அவங்க எங்கிட்டச் சொல்லிச் சிரிப்பாங்க. மவுத்தாகி ரெண்டு வருசம் ஆச்சு," என்றார். "தங்கச்சி எல்லார் கதையும் சொல்லுது. இத மட்டும் எங்கனயும் சொல்லல. சொல்லும் சொல்லும்னுதான் நான் மாசாமாசம் வந்து ஒக்காந்திருந்தேன்."

உட்கார்ந்துவிட்டார். அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். வாயைத் திறந்தார், மூடினார்.

தலைவர் வெல்வெட் நாற்காலியிலிருந்து எழுந்து மைக்கை என்னிடமிருந்து வாங்கினார். அந்தக் காக்கை விஷயமும் நிஜம்தான் என்றார். தனக்கு நரையில் ஆட்சேபணை எதுவும் இல்லை, வீட்டம்மாவுக்குத்தான் ஆட்சேபணை, இவர் நரைத்தால் அவர்களுக்கும் வயதாகிவிட்டதாக ஊர் நினைக்குமாம் என்றார். கைதட்டல் வந்தது. அவர் கவிதைக்கு அவ்வளவு கைதட்டல் நான் கேட்டதில்லை. அந்த உற்சாகத்தில் தலைவர் என்ற முறையில் தீர்மானத்தை இப்போதே ரத்து செய்வதாக அறிவித்தார். மண்டபம் முழுக்க அக்காவைப் பார்த்தது.

அக்கா எழுந்து நின்றார். "இன்னைக்குள்ள கூட்டத்துக்கு ரூல் போட்டாச்சு. நடுவுல மாத்துறது மொறையில்ல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எவ்வளவோ கெஞ்சினார்கள். அசையவில்லை. வேனில் வந்தவர்கள் புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு முனகிக்கொண்டே போனார்கள்.

நானும் அக்காவும் காசிமும் நான்கு மணி பஸ்ஸில் ஏறினோம். பாம்பன் பாலத்தில் காற்று ஜன்னல் வழியாக அடித்தது, பேசினால் கேட்காது. பாலம் முடிந்து மண்டபம் ஊர் வந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ரூலு கூட்டத்துக்குத்தானே? பஸ்ஸுக்கு இல்லையே?"

இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் நேரம் இருக்காது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன் என்றார். முதலில் காசிமின் மனைவியைப் பற்றி, காசிமுக்கே தெரியாத ஒரு கதை. அந்த அம்மா சர்பத்தைக் குடித்துவிட்டு அக்காவுக்கு ஒரு பொய்யைத் திருப்பிச் சொல்வாராம், இன்றைக்கு வலி இல்லை என்று. முன் சீட்டில் இருந்த காசிம் திரும்பிப் பார்க்கவில்லை, தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அடுத்த கதைக்குக் கண்டக்டர் டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். உச்சிப்புளியில் இறங்க வேண்டிய ஒருவர் அதைத் தாண்டிப் பெருங்குளத்தில்தான் இறங்கினார், அதுவும் கதை முடிந்த பிறகு.

மூன்றாவதாக அக்கா ஒரு தவளைக் கவிதையை எடுத்தார்.

மழைக்கு முன்னால்
தவளை
தொண்டையைச் சரிசெய்கிறது.

"பேரு சொல்ல மாட்டேன்," என்றார் பஸ் முழுவதற்கும். "அச்சு வேல பாக்குற ஆளு. மாசா மாசம் மைக் பிடிச்சுப் பேசணும். ஆனா மைக்கப் பாத்தாலே கையும் காலும் ஒதறும்."

இதை நான் இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் அக்கா கடையில் ஒரு மஞ்சள் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் நான் மேடை ஏறுவேன். பதற்றத்துக்கு ஏதாவது பலமானதாகக் கொடுங்கள் என்று முதல் நாள் கேட்டிருந்தேன்.

சீட்டு இல்லாமல் அந்த மாதிரி மாத்திரை கொடுக்கக் கூடாது என்று அக்கா பஸ்ஸுக்கு விளக்கினார். அதனால் சாதாரண வைட்டமின் மாத்திரையைக் கொடுத்து, இது டெல்லியில் பெரிய பேச்சாளர்கள் போடுவது என்று சொன்னாராம். அன்றைக்கு அந்த ஆள் சிங்கம் மாதிரிப் பேசினாராம். கண்டக்டர் என்னைப் பார்த்தார். முன் சீட்டு, பின் சீட்டு, டிரைவர் தன் கண்ணாடியில், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அது வைட்டமினா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் பதறிப்போனார். "நான் பேரு சொல்லலியே தம்பி," என்றார்.

அடுத்த மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, இனி எந்த மாத்திரையும் தேவையில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பினேன். கேணிக்கரை நெருங்க நெருங்க வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு அரண்மனைச் சாலைக்குப் போனேன். கடை வாசலில் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பல்பொடி டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அக்கா ஒரு மஞ்சள் மாத்திரையை வெட்டி எடுத்துக் கவரில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து, அரை மணி நேரத்துக்கு முன்னால் போட வேண்டும், வெறும் வயிற்றில் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்.

போட்டுக்கொண்டேன். மாத்திரை நன்றாக வேலை செய்தது.